விருந்தாளி வருமுன் கல்லறையைக் கூட்டினேன்

ஐயாயிரம் வருடத்துக் கல்லறை ஒன்றைக் கூட்டி, அந்தத் தூசியை இரண்டு கறுப்புப் பைகளில் கட்டி வைத்த ஆள் இந்த டென்மார்க்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு பைகளால் என் வேலை போகப் பார்த்தது. போகவில்லை என்பதால்தான் இன்று சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. கொம்யூனில், அதாவது இங்கத்தைய நகரசபையில், வெளிவேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் கேட்டார்கள் என்பதற்காக எழுதுகிறேன். எந்தக் கொம்யூன், எந்தத் தீவு என்று கேட்காதீர்கள். அந்தக் கல்லறை தன்பாட்டில் நிம்மதியாக இருக்கட்டும்.

1. புல் வெட்டப் போன இடம்

பதினேழு வருடம் நான் கிளீனிங் வேலை செய்தவன். வைலேயில் மூன்று அலுவலகங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பல் வைத்தியரின் கிளினிக். பிரெடெரிசியாவில் இருக்கும் வீட்டிலிருந்து விடியப் போய் மத்தியானம் திரும்புவேன். ஐம்பத்து மூன்றாவது வயதில் என் வலது தோள்மூட்டு, இனி மொப் தள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டது. வைத்தியர் வேறு வேலை பார்க்கச் சொன்னார். பல இடங்களுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் கொம்யூனின் வெளிவேலைப் பிரிவில் ஓர் இடம் கிடைத்தது. பூங்கா, நடைபாதை, கடற்கரை, அவற்றோடு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பழைய புதைமேடுகள்.

முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், நோட்டீஸில் அனுப்பிவிடலாம். அந்த வயதில் அனுப்பப்பட்டால் வேறு எவரும் என்னை எடுக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், மனைவி வசந்திக்கும் தெரியும். அந்த மூன்று மாதமும் அவள் வெள்ளி தவறாமல் விரதம் இருந்தாள்.

எங்கள் ஃபோர்மன் பென்ட். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம், கதை மட்டும் குறைவு. நல்லது என்றும் சொல்லமாட்டார், கூடாது என்றும் சொல்லமாட்டார். வேலையைப் பார்ப்பார், மூக்கால் ஒரு மூச்சு விடுவார், போய்விடுவார். அந்த மூச்சுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

முதல் நாள் ஃபெரியில் தீவுக்குக் கூட்டிப்போனார். பார்லி வயலின் கரையில் புல் மூடிய ஒரு மேடு, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. கிழக்குப் பக்கத்தில் இரண்டு பெருங்கற்களுக்கு நடுவே இடுப்பளவு ஓட்டை. இதை டேனிசில் 'யெட்டஸ்டூவ' என்பார்கள், பூதங்களின் அறை என்று பொருள். உண்மையில் பூதமும் இல்லை, ஒன்றும் இல்லை. உழவு தொடங்கிய காலத்துச் சனங்கள் தங்கள் ஆட்களை வைத்த கல் அறை.

பென்ட் விதிகளைச் சொன்னார். மேட்டின் மேல் சில்லு வைத்த மெஷின் ஏறக்கூடாது. கையில் பிடிக்கும் புல்வெட்டிதான். அடியிலிருந்து இரண்டு மீற்றருக்குள் எதையும் தோண்டக்கூடாது. செடி முளைத்தால் நிலமட்டத்தோடு வெட்டலாம், வேரைப் பிடுங்கக்கூடாது. வெட்டிய புல்லை அங்கேயே விடாமல் அள்ளி ட்ரெயிலரில் போட வேண்டும். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். உள்ளே என்ன வேலை என்று கேட்டேன். உள்ளே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்றார்.

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். 'வேலை இல்லை' என்றால் 'தொடாதே' என்று அர்த்தம். பதினேழு வருடம் கிளீனிங் செய்தவனின் காதுக்கு அது, 'இதுவரை ஒருவரும் செய்யவில்லை' என்று விழுந்தது.

2. பூதங்களின் அறைக்குள்

இரண்டாம் தரம் போனபோது சாப்பாட்டு நேரத்தில் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்து போனேன். பென்ட் வரமாட்டார். அவருக்குச் சிலந்தி என்றால் பயம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்து மீற்றர் முழங்காலில் போனால் அறை. கழுத்தைக் குனித்துக்கொண்டு நிற்கலாம். சுற்றி ஆள் உயரக் கற்கள், மேலே மூன்று கூரைக்கற்கள், ஒவ்வொன்றும் ஒரு வான் வண்டி அளவு. இடைவெளிகளில் தட்டைக் கற்களைச் சாந்தே இல்லாமல் அடுக்கி அடைத்திருந்தார்கள். அந்த அடுக்கைத் தடவிப் பார்த்தேன். கை தெரிந்த மேசன்கள் செய்த வேலை. கிரேன் இல்லாத காலத்தில் இந்தக் கூரையை எப்படி ஏற்றினார்கள் என்று நினைக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த கணமே கண் தரைக்குப் போய்விட்டது. ஒட்டடை, காய்ந்த இலை, சோடா மூடி, பிள்ளைகள் விட்டுப்போன மிட்டாய்க் கடதாசி. எங்கள் கல்லறை இப்படிக் கிடந்தால் ஊர் சிரிக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வசந்தி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, பிரேதம் வைச்ச இடத்துக்குள்ளை போட்டு அப்பிடியே வீட்டுக்குள்ளை வாறியளோ? பின்பக்கத்தாலை போய்த் தலையிலை வாத்துத் தோயுங்கோ முதல்."

ஐயாயிரம் வருடத்துப் பிரேதத்துக்கு என்ன துடக்கு என்று கேட்டேன். அவள் விடவில்லை. கோயில் ஐயருக்குப் போன் போட்டுக் கேட்டாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து கனகாலம் ஆகியிருக்கும், ஆனாலும் தோய்வதால் நட்டம் ஒன்றும் இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தீவுக்குப் போன நாளெல்லாம் தோய்ந்துவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி.

3. இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள்

மூன்றாவது மாதம், வைகாசி நடுப்பகுதி. தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமை கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பென்ட் சொன்னார், வியாழக்கிழமை மியூசியத்திலிருந்து கியர்ஸ்டன் என்ற பெண் தொல்லியல் அதிகாரி கல்லறையைப் பார்வையிட வருகிறார், நீ நாளைக்குத் தனியாகப் போய்ப் புல்லைத் துப்புரவாக வெட்டிவிடு என்று. தனியாக அனுப்பியது அதுதான் முதல் தடவை. என்னை நம்பிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

புல்வெட்டு பத்தரைக்கே முடிந்தது. அடுத்த ஃபெரி பன்னிரண்டு மணிக்கு. மிச்ச நேரம் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு யாரும் வருகிறார்கள் என்றால் முதல்நாள் மூலைமுடுக்கெல்லாம் கூட்டித் துடைத்து, அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்து வைப்போம். வருகிறவர் அங்கே எட்டிப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் செய்வோம். இங்கே வருகிறவரோ எட்டிப் பார்ப்பதற்கென்றே வருகிறார். உள்ளே கிடக்கும் குப்பையைக் கண்டால் என்ன நினைப்பார்? புல்லை மட்டும் வெட்டிவிட்டுப் போன ஆள் என்று என்னைத்தானே நினைப்பார்?

வான் வண்டியில் கூட்டுகிற தும்புத்தடி, கைப்பிரஷ், சுரண்டுகிற ஸ்பாட்டல், கறுப்புப் பை எல்லாம் இருந்தன. கிளீனிங் கொம்பனியில் ஒரு பழக்கம் உண்டு. அழுக்கான இடத்தைத் துடைக்குமுன் ஒரு படம், துடைத்தபின் ஒரு படம் எடுத்துச் சூப்பர்வைசருக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் கை போனை எடுத்துவிட்டது. தரையை எடுத்தேன், மூலைகளை எடுத்தேன், ஒட்டடையை எடுத்தேன்.

நடுக் கூரைக்கல்லில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதன்மேல் மூன்று இடத்தில், தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. அவற்றின் மேல் ஆணியால் கீறினாற்போல் இலக்கங்கள். போன கிழமை தீவுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்ததை ஃபெரியில் பார்த்திருந்தேன். பிள்ளைகள் பசையை அப்பிக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவற்றையும் படம் எடுத்தேன். பிறகு ஸ்பாட்டலை எடுத்தேன்.

முதல் இரண்டும் தூளாக உதிர்ந்தன. மூன்றாவதற்குள் கை பழகிவிட்டது. பள்ளிக்கூட மேசைகளுக்கு அடியில் வருடக்கணக்காகச் சூயிங்கம் சுரண்டிய கை. ஸ்பாட்டலைப் படுக்கையாக வைத்து ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் எதுவும் ஒரே துண்டாகக் கழன்று வரும். வந்தது. தரையில் போட்டு மிச்சத்தோடு சேர்த்துக் கூட்டினேன். தரையை மூன்று தரம் கூட்டினேன். இரண்டு பை நிறைந்தது. வெட்டிய புல்லோடு அவற்றையும் ட்ரெயிலரில் ஏற்றித் துறைமுகத்தில் கொம்யூன் கொட்டிலுக்குப் பக்கத்தில் விட்டேன். அது மறுநாள் மத்தியான ஃபெரியில் கரைக்குப் போய்த் தோட்டக் கழிவோடு கொட்டப்படும்.

பின்னேரம் மகள் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நான் பெருமையாகப் படங்களைக் காட்டினேன். அவள் ஒரு படத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டேனிசில் ஒரு கேள்வி கேட்டாள். அப்பா, இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று. கூட்டுவதற்கு என்ன அனுமதி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. 

4. பொட்டு எங்கே?

வியாழக்கிழமை பென்ட் முதல் ஃபெரியிலேயே தீவுக்குப் போய்விட்டார். நான் கியர்ஸ்டனோடு அடுத்ததில் போனேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், முழங்காலுக்குப் பட்டி கட்டியிருந்தார், தலையில் விளக்கு, முதுகில் ஒரு பை. துறைமுகத்தில் பென்ட் என்னைக் கண்டதும் மூக்கால் மூச்சு விடவில்லை, நேரே ஏசினார். தோட்டக் கழிவுக்குள் கறுப்புப் பை போட்டது யார், அதைப் பிரித்துப் போட வேண்டும் என்று தெரியாதா, இறக்கிக் கொட்டிலுக்குள் வைத்திருக்கிறேன், போகுமுன் நீயே பிரித்துப் போட்டுவிட்டுப் போ என்று. மூன்று மாதத்தில் முதல் ஏச்சு. அதுவும் அதிகாரிக்கு முன்னால். எனக்கு முகம் செத்துப் போனது.

மேட்டைச் சுற்றிப் பார்த்த கியர்ஸ்டன் புல்வெட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். பென்ட் வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

கியர்ஸ்டன் தலைவிளக்கைச் சுற்றித் திருப்பினார். விளக்கு தரையில் போனது, மூலைக்குப் போனது, கூரைக்குப் போய் நின்றது. அங்கேயே நின்றது. டேனிசில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். அவர்கள் கதைத்ததை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இதிலை மூண்டு பொட்டு வைச்சிருந்தனான். எங்கை அது?"

நான் சுரண்டியது பசை இல்லை. வெடித்த கல்லுக்குக் குறுக்கே சாந்துப் பொட்டு வைத்துத் திகதி கீறிவிடுவார்களாம். கல் கொஞ்சம் அசைந்தாலும் முதலில் பொட்டு வெடித்துவிடும். பொட்டு முழுசாக இருந்தால் கல் அசையவில்லை என்று அர்த்தம். இரண்டு குளிர்காலமாக அதைத்தான் அவர் கவனித்து வந்திருக்கிறார். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதல்ல. வாசலில் நின்ற பென்டுக்கு அங்கிருந்தே விளக்கினார். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல் அசைந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒருவரையும் உள்ளே விட முடியாது, இன்றைக்கே வாசலை அடைக்க வேண்டும் என்றார். பிறகு எப்போது திறப்பது என்று தனக்கே தெரியாது என்றார்.

பென்ட் வெளியே இருந்து சொன்னார். "போன கிழமை பள்ளிக்கூட வகுப்பு ஒண்டு வந்தது. அதுகள்தான் சுரண்டியிருக்கும். நான் அந்த ரீச்சருக்கு எழுதுறன்."

கியர்ஸ்டனும் தலையாட்டினார். அவ்வளவுதான். நான் வாயைத் திறக்காவிட்டால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வசந்தியின் விரதம் நினைவுக்கு வந்தது, இரண்டு கிழமை நினைவுக்கு வந்தது, அந்த ரீச்சரும் நினைவுக்கு வந்தார். ஃபெரியில் இருபது பிள்ளைகளையும் எண்ணி எண்ணி ஏற்றிய மெலிந்த மனுசி. நான் அதே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், யாரோ உடைத்த கண்ணாடிக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். செய்யாத பிழைக்குப் பதில் சொல்லுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும், ஆனால் என் முகத்தை நானே பார்த்திருக்கமாட்டேன்.

"பிள்ளையள் இல்லை. நான்தான் சுரண்டினனான். தரையையும் நான்தான் கூட்டினனான்."

கியர்ஸ்டனின் தலைவிளக்கு என் முகத்துக்குத் திரும்பியது. கண் கூசியது. ஏன் என்று கேட்டார்.

"நீங்கள் வாறியள் எண்டுதான்."

வேறு என்ன சொல்வது? அதுதான் உண்மை. வெளியே பென்டின் மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க நான் முயற்சி செய்யவில்லை.

5. இரண்டு படமும் ஒரு பையும்

கியர்ஸ்டன் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது. சுரண்டும்போது பொட்டுகளில் வெடிப்பு இருந்ததா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். அழுக்கைப் பார்த்து வேலை செய்யும் ஆள் வெடிப்பை எங்கே பார்ப்பது. பிறகு குப்பையை என்ன செய்தாய் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அந்தக் கறுப்புப் பைகள் நினைவுக்கு வந்தன. காலையில் ஏச்சு வாங்கித் தந்த அதே பைகள்.

பென்ட் வானை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். மணி பன்னிரண்டரை. அவர் அவற்றைக் காலையில் இறக்கி வைக்காமல் விட்டிருந்தால் பன்னிரண்டு மணி ஃபெரியில் போய் மலை மாதிரிக் குவிந்த புல்லுக்குள் புதைந்திருக்கும். இந்த நாட்டில் குப்பை பிரிப்பதில் இவர்கள் காட்டும் பிடிவாதத்தைப் பற்றி நானும் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து விடுவதில்லை.

வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று போன் நினைவு வந்தது. படங்களை எடுத்து நீட்டினேன்.  அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முதலாவது பொட்டு தெளிவாக இருந்தது. கீறிய திகதி வாசிக்கலாம், வெடிப்பு இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது படத்தில் பாதி மங்கல், மீதியில் என் பெருவிரல்.

"ரெண்டு சரி," என்றார். "மூண்டாவது இருக்கிற இடந்தான் முக்கியம். வெடிப்பு தொடங்கிறதே அதிலைதான்."

மூன்றாவதை ஒரே துண்டாகக் கழற்றியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சொன்னேன். முழுத் துண்டாகவா என்று இரண்டு தரம் கேட்டார். முழுத் துண்டாகக் கழன்றிருந்தால் கல்லில் இருந்தபோதும் அது முழுசாகத்தான் இருந்திருக்கும், கல் அசையவில்லை என்று எழுதலாம் என்றார். ஆனால் பைக்குள் போட்டு, தூக்கி, ட்ரெயிலரில் எறிந்து, இறக்கி எல்லாம் ஆகிவிட்டதே என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பைகள் வந்தன. கியர்ஸ்டன் முதுகுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து விரித்து, ஓர் அரிதட்டைத் தந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கச் சொன்னார். நான் முழங்காலில் இருந்து அரித்தேன். பென்டும் தன் பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தார். மூன்று பேரும் ஒரு மணித்தியாலம் அரித்தோம். சோடா மூடி ஐந்து, ஒரு சின்னப் பிள்ளையின் தலைக்கிளிப், மிட்டாய்க் கடதாசி, வெள்ளைத் தூள். சின்னச் சின்ன வெள்ளைக் கல் துண்டுகளும் வந்தன. அவற்றைக் கியர்ஸ்டன் தனியாக ஒரு பக்கம் வைத்தார். முதல் பை முடிந்தது. அதில் இல்லை.

இரண்டாவது பையில் பாதிக்கு மேல் போனபோது பென்டின் கை நின்றது. ஒட்டடை ஒன்று பந்தாகச் சுருண்டு கிடந்தது. அதைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை, கண்ணால் காட்டினார். நான் எடுத்துப் பிரித்தேன். பஞ்சில் பொதிந்து வைத்த மாதிரி, அதற்குள் பொட்டு. தீப்பெட்டி அளவு, நான்கு மூலையும் சரி, திகதி சரி, ஒரு வெடிப்பு இல்லை.

கியர்ஸ்டன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து முதல் தரம் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புல் ஒவ்வாமை என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்த வெள்ளைக் கல் துண்டுகளைப் பற்றிக் கேட்டேன். தீக்கல்லை நெருப்பில் சுட்டால் வெள்ளையாகிவிடுமாம். அந்தக் காலத்துச் சனங்கள் அதை நொறுக்கி அறையின் தரை முழுக்கப் பரப்பினார்களாம், தங்கள் ஆட்களை அதன்மேல் வைப்பதற்கு. நூறு வருடத்துக்கு முன் யாரோ தோண்டியதில் தரை ஏற்கெனவே குழம்பிப் போனதுதான், நீ கூட்டியது பெரும்பாலும் மேல்தூசி, பெரிய நட்டம் இல்லை என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னாரோ தெரியாது. அரித்த தூசியையும் அந்தத் துண்டுகளையும் நானே உள்ளே கொண்டுபோய்த் தரையில் பரப்பினேன். தரையை வெள்ளையாக வைத்து ஆட்களைக் கூட்டிவந்தவர்களின் வீட்டில் போய்த் தும்புத்தடி பிடித்தேனே என்று வெட்கமாக இருந்தது. அதே நேரம் அவர்கள் எனக்குச் சொந்தக்காரர் மாதிரியும் இருந்தார்கள்.

6. மூக்கால் விட்ட மூச்சு

திரும்பும் ஃபெரியில் பென்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோப்பி இரண்டு வாங்கி வந்திருந்தார். ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார். கரை தெரியும்போது கதைத்தார்.

"நீ சொல்லாட்டி நான் அந்த ரீச்சருக்கு எழுதியிருப்பன்," என்றார். "பிறகு ஒரு நாள் உண்மை தெரிஞ்சிருந்தா நான் உன்னை வைச்சிருக்கமாட்டன்."

வைச்சிருக்கமாட்டன் என்றால், இப்போது வைத்திருக்கப் போகிறார் என்றா அர்த்தம்?  கோப்பியைக் குடித்தேன். சூட்டில் நாக்கு வெந்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வசந்திக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தோயச் சொல்லவும் மறந்துபோய் வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். அந்தப் பிள்ளையளின்ரை தலையிலை பழியைப் போடாமல் விட்டியள், அது காணும் என்று மட்டும் சொன்னாள். அனுமதி இருந்ததா என்ற அதே கேள்வியை மகள் போனில் திரும்பக் கேட்டாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து பென்ட் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடதாசி. ஒன்று மியூசியத்தின் அறிக்கை. அதில் ஒரு வரியை விரலால் காட்டினார். அறை தவறுதலாகத் துப்புரவாக்கப்பட்டது, பணியாளர் அவ்விடத்திலேயே தெரிவித்தார், கூரைக்கல்லில் அசைவு இல்லை, தொடர்ந்து திறந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. மற்றது என் நிரந்தர நியமனம். அதன் அடியில் பேனையால் பென்டின் பெரிய எழுத்தில் ஒரு வரி: தும்புத்தடி வானிலேயே இருக்கும். நான் வாசித்து முடிய மூக்கால் மூச்சு விட்டார். அது சிரிப்பு என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

அதன் பிறகு வருடா வருடம் கியர்ஸ்டனோடு உள்ளே தவழ்ந்து போகும் ஆள் நான்தான். புதுப் பொட்டுகளை வைத்தபோது ஆணியை என் கையில் தந்து திகதியைக் கீறச் சொன்னார். உன் கை பட்டால் நீ சுரண்டமாட்டாய் என்றார். கழுத்தை வளைத்துக்கொண்டு கீறியதில் என் இலக்கங்கள் கோணலாக வந்தன.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அதை நல்ல குணம் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் சில இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இது என்ன என்று கேட்பதுதான் வேலை. கேட்காமல் செய்துவிட்டீர்களா, ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள். நான் இரண்டாவதைச் செய்ததால்தான் முதலாவதைப் படிக்க எனக்கு எட்டு வருடம் கிடைத்தது.

போன வைகாசியில் ஓய்வு பெறுமுன் கடைசி இன்ஸ்பெக்ஷனுக்குப் போனேன். ஒட்டடை ஒன்று கியர்ஸ்டனின் தலைவிளக்கில் சிக்கித் தொங்கியது. தரையில் இலை கிடந்தது, ஒரு சோடா மூடியும் கிடந்தது. அவர் விளக்கைக் கூரைக்குத் தூக்கினார். என் கோணல் இலக்கங்களோடு மூன்று பொட்டும் முழுசாக இருந்தன. சோடா மூடியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடு என்றார். எடுத்தேன்.